மாஸ்டரின் கிளட்ச் கால்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் நடப்பதில்லை.

நடக்க முடியவில்லை என்றால் அது நோய். நடப்பதில்லை என்றால் அது கொள்கை. மாஸ்டர் கொள்கைக்காரர். அந்தக் கொள்கையில் அவர் ஒற்றைக் காலில் நின்றார். அன்றைய தேதிக்கு அவர் நம்பி நிற்கக்கூடிய கால் என்று இருந்ததும் ஒன்றுதான்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முப்பத்தொரு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் ஸ்டீயரிங் பிடிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் படித்தவர்கள். மீதிப் பாதி ஏன் இப்படி ஓட்டுகிறது என்பதற்கு, தன்னிடம் படிக்காததுதான் காரணம் என்பார். அவர் நடந்து பார்த்தவர்கள் குறைவு. மூலைக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வேண்டுமென்றாலும் காரை எடுப்பார். கடை வாசலில் நிறுத்த இடம் இருக்காது. மூன்று தெரு சுற்றுவார். கடைசியில் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தீப்பெட்டி இல்லாமல் உள்ளே வருவார். நாட்டு நடப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். சொந்த நடப்பு, கட்டிலிலிருந்து கார் வரைக்கும்தான்.

அப்படிப்பட்டவரை மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் தாக்கியது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கையிலிருந்து பேஸ்ட் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். இடது கால், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், கால் கடுதாசி கொடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும், மாஸ்டர் தன் தரப்பு அறிக்கையை வெளியிட்டார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச்தான் போய்விட்டது என்றார். இடது கால் கிளட்ச் மிதிக்கிற கால் ஆயிற்றே. டாக்டரும் ஒரு காலத்தில் அவரிடம் கார் பழகியவர், அதனால் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டீயரிங்கை ஆறு மாதத்துக்குத் தொடக்கூடாது, அப்புறமும் பரிசோதனை செய்த பிறகுதான் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கையும் காலும் பாதிதான் திரும்பின. நாக்கு மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது. இது பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள் நர்ஸுகள். மாஸ்டரின் மனைவி யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மனைவி நகர நூலகத்தில் வேலை பார்ப்பவர். தெருவே லைப்ரரியம்மா என்றுதான் கூப்பிடும். தெருக்கோடியில் மெயின் ரோடு, அதைத் தாண்டினால் பூங்கா, பூங்காவிலிருந்து நாலு தெரு தள்ளி நூலகம். தினமும் நடந்தே போய் நடந்தே வருவார். இருபத்தெட்டு வருஷமாக 'அமைதி' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, அவருக்குச் சத்தம் போடவே வராமல் போயிற்று. ஆனால் எடுத்துப் போன புத்தகத்தை ஆறு மாதமாகத் திருப்பித் தராத ஆள் அவர் எதிரில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும். வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் புத்தகத்தோடு, அவன் அப்பா காலத்தில் எடுத்த இன்னொன்றையும் தேடிக் கொண்டுவந்து வைப்பான். அந்தம்மா என்ன சொன்னார் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லையே என்பான்.

வீட்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். பார்த்தால் நேற்றுத்தான் கல்லூரி முடித்தவள் மாதிரி இருப்பாள். பிடித்தால் இரும்பு. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான மாடி வராந்தாவில் டேப் வைத்துப் பத்து மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். கையில் ஸ்டாப்வாட்ச். நான்கு கால் உள்ள ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் அந்தப் பத்து மீட்டரைக் கடக்க ஐம்பத்திரண்டு வினாடி ஆயிற்று. பாதம் முன்பக்கம் தொங்கி, விரல்நுனி தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. தெருக்கோடி சிக்னலில் பச்சை விளக்கு இருபது வினாடிதான் எரியும், அதற்குள் ரோட்டைக் கடக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றாள் அவள். நான் ரோட்டைக் கடக்கிறவன் இல்லை, ரோட்டில் போகிறவன் என்றார் மாஸ்டர்.

இரண்டாவது வாரம் அது நடந்தது. அதாவது, நடக்கும்போது நடந்தது. மூன்றாவது சுற்றில், பல் டாக்டர் வீட்டு வாசலில் கிடந்த மிதியடியில் இடது கால் விரல் மாட்டிக்கொண்டது. அவருடைய காலே அவர் காலை வாரிவிட்டது. மாஸ்டர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வராந்தாவின் ஏழு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. பதினான்கு கண்கள். ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்த மனிதரை, ஒரு மிதியடி கவிழ்த்துவிட்டதை எல்லாரும் பார்த்தார்கள். பல் டாக்டரின் மாமியார் உச் கொட்டினார். விழுந்ததை மாஸ்டர் அன்று மாலையே மறந்துவிட்டார். அந்த உச்சை மறக்க முடியவில்லை.

அன்றோடு சரி. பிசியோ பெண் வந்தால் தலை சுற்றுகிறது என்றார். அடுத்த முறை முதுகில் பிடிப்பு என்றார். அதற்கடுத்த முறை, வானம் மூட்டமாக இருக்கிறது என்றார். கடைசியில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு.

சாயங்காலம் மனைவி வந்ததும் முடிவை அறிவித்தார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, எட்டுப் பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தார். லைப்ரரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி" என்றார். டீ போடப் போய்விட்டார்.

எட்டுப் பதிலும் கையில் அப்படியே நின்றன. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்போதே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

பயப்படவில்லை. ஏனென்றால் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. கார் இருக்கிறவனுக்குக் கால் எதற்கு என்பதுதான் திட்டத்தின் சாரம். கற்றுக்கொடுக்கிற பழைய கார் மூன்று மாதமாகக் கட்டட வாசலில் சும்மா நின்றது. ஸ்கூலை அசிஸ்டென்ட் பையன் புதுக் காரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பையன் என்று மாஸ்டர்தான் சொல்வார். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பழைய காரில் மாணவன் பக்கமும் பெடல், மாஸ்டர் பக்கமும் பெடல். ஒரு பக்கத்தில் கிளட்ச் மிதிக்க ஆள் இருந்தால், மறுபக்கத்தில் கிளட்ச் இல்லாத மனிதர் ஓட்டலாம். ஓட்டிக்கொண்டு நேராக ஸ்கூல் வாசலில் போய் இறங்க வேண்டும். இறங்கக்கூட வேண்டாம், ஹாரன் அடித்தால் போதும். அசிஸ்டென்ட் வெளியே வந்து பார்க்க வேண்டும். ஊர் பார்க்க வேண்டும். சாவி ஒன்று மனைவியிடம் இருந்தது. இன்னொன்று மாஸ்டரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது, யாருக்கும் தெரியாமல்.

கிளட்ச் மிதிக்க எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் கிடைத்தார். கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல். ஏழு பாகம் கொண்ட ஒரே கதையில் அப்போது மூன்றாம் பாகத்தில் இருந்தார். பகலில் லைப்ரரியம்மா இல்லாத நேரத்தில் மாஸ்டருக்குத் துணையாக இருப்பது அவர் பொறுப்பு. திட்டத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"மாஸ்டர், எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"நீங்க ஓட்ட வேண்டாம். நான் மிதின்னா மிதிங்க. விடுன்னா விடுங்க. மெதுவா விடணும். அவ்வளவுதான்."

"விடாட்டி?"

"வண்டி போகாது."

"சட்டுனு விட்டுட்டா?"

"நாம போயிடுவோம்."

கடிகாரக்காரர் யோசிக்க ஒரு நாள் கேட்டார். அன்று மாலை புத்தகம் மாற்ற நூலகத்துக்குப் போய்வந்தார். மறுநாள் காலை கையில் நான்காம் பாகத்தோடு வந்து, சம்மதம் என்றார். நேற்று வெளுத்த முகம் இன்று எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மாஸ்டர் கேட்கவில்லை.

கிளம்பினார்கள். தள்ளுநாற்காலியில் லிஃப்ட் வரைக்கும், லிஃப்டில் கீழே, கீழே வாசல் வரைக்கும் சிரமமில்லை. வாசலில் நான்கு படி. நாற்காலி இறங்காது. தூக்கலாம் என்றால் கடிகாரக்காரருக்கு முதுகெலும்பில் தேய்மானம். இங்கிருந்து பத்தடியில் கார், நடந்துவிடலாம் என்று மாஸ்டர் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். இது நடப்பது ஆகாது, காரில் ஏறுவதில் ஒரு பகுதி என்று கொள்கைக்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்று பிசியோ பெண் சொன்னது எப்படியோ காதில் தங்கியிருந்தது. நான்கு படிக்கு நான்கு நிமிஷம்.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் கார் இல்லை.

கடிகாரக்காரர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, அதோ தையல்கடை முன்னால் நிற்கிறதே என்றார். தையல்கடை முப்பதடி தள்ளி. யார் நகர்த்தினது என்று மாஸ்டர் அங்கேயே நின்று அசிஸ்டென்டுக்கு ஃபோன் போட்டார். அவன் மென்று விழுங்கி, வண்டி ஒரே இடத்தில் நின்றால் டயர் கெட்டுவிடும், பேட்டரி இறங்கிவிடும், அதனால் காலையில் எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு இடம் கிடைத்த இடத்தில் விடுகிறேன் என்றான். சரியான பதில்தான். மாஸ்டரே அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். முப்பதடியில் பாதி போனதும் தொடை நடுங்கியது. திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் முழு முப்பதடியும் போய்ச் சேர்ந்தார். கார் அங்கே இல்லை. மருந்துக்கடை வாசலில் நின்றது.

மாஸ்டருக்கு வந்த கோபத்தில், கொள்கை கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்றது. இது ஒரு ஓட்டுநரின் மானப் பிரச்சினை. சொந்தக் காரைப் போய்த் தொடக்கூட முடியாத மாஸ்டரா. மருந்துக்கடை வரைக்கும் போக வேண்டுமானால் பயிற்சி வேண்டும். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும், வராந்தாவில் கடிகாரக்காரரை மணி பார்க்க வைத்து நடக்க ஆரம்பித்தார். முதலில் பத்துச் சுற்று. நாலாவது நாள் இருபது. பல் டாக்டர் வீட்டு மிதியடி எப்போதோ உள்ளே போயிருந்தது.

இடது காலுக்கு வாய்விட்டு உத்தரவு போட்டுக்கொண்டே நடந்தார். தூக்கு, முன்னால் வை, மெதுவாக விடு. ஜெர்க் கொடுக்காதே. முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் காலுக்குச் சொன்னதைத் தன் காலுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவு மந்தமான மாணவனை அவர் பார்த்ததில்லை. ஒருநாள் பொறுமை போய், எத்தனை தடவை சொல்வது என்று காலைப் பார்த்துக் கத்தினார். கடிகாரக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிசியோ பெண் வரும் நாட்களில் நாற்காலியில் சாய்ந்து பழையபடி முனகினார். ஆனால் முனகலுக்கு நடுவே, ஒரு பொது அறிவுக்காகக் கேட்பதுபோல, விரல்நுனி தரையில் இடிக்காமல் இருக்க மற்ற நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஷூவுக்குள் போட்டுக்கொள்வார்கள் என்றாள் அவள். உங்களுக்குத் தேவைப்படாது சார், நீங்கள்தான் நடப்பதில்லையே என்று சொல்லி, அந்தப் பட்டையை மறந்துபோய் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். எழுந்து நிற்கும் பயிற்சி, விழுந்தால் முட்டி போட்டு எழுகிற விதம், இதெல்லாவற்றையும் கடிகாரக்காரருக்கு முதுகுப் பயிற்சி என்று சொல்லி மாஸ்டர் எதிரிலேயே செய்து காட்டினாள். பாவம், உலகம் தெரியாத பெண் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கார் அடுத்த வாரம் பேக்கரி வாசலுக்குப் போயிற்று. அதற்கடுத்து முடிதிருத்தும் கடை. ஒவ்வொரு முறையும் மாஸ்டர் போய்ச் சேரும் அளவுக்கு மேல் ஒரு முழம் தள்ளி நின்றது. இந்த அசிஸ்டென்டுக்கு வண்டி நிறுத்தவே தெரியவில்லை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு போவார். திட்டினால் கால் நன்றாக வருவதைக் கவனித்து, திட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். தெருவில் இன்னொன்றையும் கவனித்தார். கடைக்குக் கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. தையல்கடையில் ஸ்டூல், மருந்துக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி, பேக்கரியில் மெத்தை வைத்தது. ஜனங்களுக்கு இப்போதெல்லாம் மரியாதை கூடியிருக்கிறது என்று கடிகாரக்காரரிடம் சொன்னார். ஐந்தாம் பாகத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஆமாம் என்றார் அவர்.

மூன்றாவது வாரம் கார் தபால் நிலையத்தைத் தாண்டி நின்றது. அன்று மாஸ்டர் விழுந்தார்.

தபால் நிலைய வாசலில் நடைபாதைக் கல் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. பட்டை போட்ட காலும் அதில் இடித்தது. ஊன்றுகோல் ஒரு பக்கம் போக, மாஸ்டர் மறுபக்கம் முட்டி தேய விழுந்தார். கடிகாரக்காரர் நாவலை மார்போடு அணைத்துக்கொண்டார். மாஸ்டருக்குக் கண்ணில் வந்தது கல் இல்லை, வலி இல்லை. வராந்தாவின் ஏழு கதவுகள்தான். உச் சத்தத்துக்காகக் காதைத் தயாராக வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்தபடியே இருந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. முட்டி போட்டார். நாற்காலி இருக்கையில் நல்ல கையை ஊன்றினார். நல்ல காலை முன்னால் வைத்தார். கடிகாரக்காரரின் முதுகுக்காகச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார். நின்று தெருவைப் பார்த்தார். தபால் நிலைய வாசலில் எட்டுப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு அறிவிப்புப் பலகையை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் போன வருஷத்து விடுமுறை நாட்களின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. எதிர்ப்புறம் முடிதிருத்தும் கடைக்காரர், ஆள் இல்லாத நாற்காலிக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்விடலாமா மாஸ்டர் என்று கடிகாரக்காரர் மெல்லக் கேட்டார். ஆஸ்பத்திரியில்கூட வராத கண்ணீர் ஒன்று மாஸ்டருக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அதைத் துடைத்துக்கொண்டு, "வண்டி எவ்வளவு தூரம் இருக்கு?" என்றார்.

அன்று மாலை லைப்ரரியம்மா அவருடைய பேண்ட்டின் முட்டிக் கிழிசலைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டபோது, தலையணை உரசிவிட்டது என்றார் மாஸ்டர். அவசரத்தில் வேறு எதுவும் வரவில்லை. "அப்ப உறையை மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, டீயையும் களிம்பையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார் அவர்.

நான்காவது வாரம், வியாழக்கிழமை. கடிகாரக்காரர் காலையிலேயே வந்து தகவல் சொன்னார். கார் மெயின் ரோட்டைத் தாண்டி, பூங்கா ஓரத்தில் நிற்கிறது. மாஸ்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். சிக்னலைக் கடக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் அசிஸ்டென்ட் அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனாலும் போவான். ஷூவை மாட்டிவிடுங்கள் என்றார்.

நாற்காலிகள் வழியில் வரிசையாக இருந்தன. பேக்கரியில் மட்டும் ஒரு முறை உட்கார்ந்தார். தபால் நிலையத்து வாசலில் தூக்கிக்கொண்டிருந்த கல்லை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு போனார். சிக்னலில் சிவப்பு. நின்றார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு அம்மா, அப்புறம் மாஸ்டர். முப்பத்தொரு வருஷமாக அவர் அந்தக் கூட்டத்தைக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்து, எவ்வளவு நேரம்தான் கடப்பார்கள் என்று பல்லைக் கடித்திருக்கிறார். பச்சை விழுந்தது. தூக்கு, வை, விடு. தூக்கு, வை, விடு. நடுரோட்டில் வரும்போது ஒரு கார் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டியவன் அவருடைய பழைய மாணவன். ஹாரனில் கையை வைத்தவன், ஆளைப் பார்த்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மாஸ்டர் மறுபுறம் நடைபாதையில் கால் வைத்தபோது விளக்கு மினுக்க ஆரம்பித்திருந்தது.

மரத்தடியில் கார். மாஸ்டர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து சாவியை எடுத்தார். ஓட்டுநர் பக்கக் கதவில் கையை வைத்தார். கதவு உள்ளிருந்து திறந்தது.

ஓட்டுநர் சீட்டில் லைப்ரரியம்மா உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றபடி, படித்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினார். பின் சீட்டிலிருந்து பிசியோ பெண் ஸ்டாப்வாட்சோடு தலையை நீட்டினாள். நானூற்றுப் பத்து மீட்டர் சார், பேக்கரியில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தீர்களாம், ரோட்டைக் கடந்தது பதினேழு வினாடி என்று எழுதிக்கொண்டாள். மாஸ்டர் துணைக்காகக் கடிகாரக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக லைப்ரரியம்மாவிடமிருந்து ஏழாம் பாகத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீ இங்க என்ன பண்றே?"

"லீவு போட்டிருக்கேன்."

"வண்டியை இங்க யார் கொண்டுவந்தது?"

"நான்தான்."

"இன்னிக்கா?"

"தினமும்தான். காலையில ஆறு மணிக்கு, பால் வாங்கப் போறப்ப. நீங்க ஏழரைக்குத்தானே எழுந்திருப்பீங்க."

மாஸ்டருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது. இந்த முறை நோயால் இல்லை. "உனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார்.

லைப்ரரியம்மா கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினார். பிறகு, நூலகத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அன்னிக்கு நீங்க குளியலறையில கெடந்தீங்க. வாசல்ல வண்டி நிக்குது. சாவி ஆணியில தொங்குது. ஓட்டத்தான் ஆள் இல்ல. ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம் ஆச்சு. டிரைவிங் மாஸ்டர் பொண்டாட்டி, சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடிக்கிட்டிருந்தேன். நீங்க வீட்டுக்கு வந்த வாரமே அசிஸ்டென்ட்கிட்ட சேர்ந்துட்டேன்."

மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாற்பது நிமிஷம் அவருக்கு நினைவில்லை. அது முழுவதும் இன்னொருவரிடம் இருந்திருக்கிறது என்பதும் இதுவரை தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தொழில்தான் கைகொடுத்தது.

"எத்தனை கிளாஸ்?"

"பதினாலு."

"டெஸ்ட்?"

"முதல் தடவையே பாஸ்."

மாஸ்டர் மூன்றாவது தடவையில் பாஸ் செய்தவர். உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் காரை ஓட்டப் போகிறேன் என்று உனக்குத் தெரிந்ததுமே, வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொல்லியிருந்தா வீட்டுலேயே உக்காந்திருப்பீங்க" என்றார் லைப்ரரியம்மா.

இதற்கு எட்டில் ஒரு பதில்கூட இல்லை. மாஸ்டர் காரைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் நடந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கடிகாரக்காரர் பின்னால் ஏறி, கதவு சாத்துவதற்குள் முதல் பக்கத்துக்குப் போய்விட்டார். லைப்ரரியம்மா கண்ணாடியைப் பார்த்தார், கிளட்சை மிதித்தார், கியர் போட்டார். வண்டி புறப்பட்டதே தெரியவில்லை. மாஸ்டர் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இண்டிகேட்டர் போடவில்லையே என்றார். போட்டிருந்தது. வேகம் அதிகம் என்றார். முள் இருபதில் இருந்தது. சிக்னலில் நின்றபோது, கடக்கிறவர்கள் முழுவதும் கடந்து முடியும்வரை லைப்ரரியம்மா ஹாரனைத் தொடவில்லை. மாஸ்டரும் இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை.

வீட்டு வாசலில், நான்கு படிக்கு நேராக, ஒரு சாண் தள்ளாமல் வண்டி வந்து நின்றது. மாஸ்டர் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தார். நடையெல்லாம் ஒரு வழியாக முடிந்தது, இனி வண்டி இருந்த இடத்தில் இருக்கும், நாமும் இருந்த இடத்தில் இருக்கலாம் என்று ஒரு நிம்மதி வந்தது.

லைப்ரரியம்மா எஞ்சினை அணைக்காமலேயே சொன்னார்.

"நாளையிலிருந்து நான் வேலைக்கு வண்டியிலதான் போகப் போறேன், உங்க மத்தியானச் சாப்பாடு லைப்ரரி வாசல்ல வண்டிக்குள்ள இருக்கும், பன்னெண்டரைக்குள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."